சொந்தமாகத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்க விரும்புவோர் முதலில் எந்த வேலைக்குப் போகலாம்? கடலூர், புதுச்சேரி இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலாப்பட்டு, லாஸ்பேட்டை, கடலூர், சிதம்பரம் எனக் கல்லூரிகள் நிறைந்த இந்தக் கடற்கரைப் பகுதியில், பிற்காலத்தில் சொந்தமாக ஒரு ஸ்டார்ட்அப் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு படிக்கும் மாணவர்கள் ஏராளம். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கியதும் அந்த எண்ணத்துக்கும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடுகிறது. சம்பளம் எவ்வளவு, நிறுவனத்தின் பெயர் உறவினர்களுக்குத் தெரியுமா, சென்னையிலா பெங்களூரிலா என்பவற்றைக் கேட்டே முடிவெடுத்துவிடுகிறார்கள். இவை தேவையற்ற கேள்விகள் அல்ல. ஆயினும், நிறுவனம் தொடங்கும் நோக்கம் உண்மையானது என்றால் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: இந்த வேலையில் சேர்ந்தால், பணம் கொடுத்து வாங்குகிறவர் யார், எதற்காக வாங்குகிறார், எதற்காக வேண்டாம் என்கிறார் என்பதை என் கண்ணால் பார்க்க முடியுமா? முதல் ஐந்தாறு ஆண்டுகளின் வேலைகளை இந்த ஒரு கேள்வியை வைத்தே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரை அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது.

முதலில் அவசரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வந்த மறுநாளே நிறுவனம் தொடங்கியவர்களின் கதைகளே அதிகம் பேசப்படுவதால், இருபத்தைந்து வயதுக்குள் தொடங்காவிட்டால் வாய்ப்பு போய்விட்டது என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தரவுகளைக் கொண்டு பியர் அசூலே உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு இதற்கு நேர்மாறான படத்தைக் காட்டுகிறது. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்னரே பணியாற்றியவர்களுக்கு வெற்றி வாய்ப்பு தெளிவாகவே கூடுதலாக இருந்தது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. நாற்பத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. துறைக்குள் கழித்த ஆண்டுகள் வீணாவதில்லை என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகளும் இதையே சொல்கின்றன. ஸ்ரீதர் வேம்பு, தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த குவால்காம் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1996-இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய அட்வென்ட்நெட், தொலைத்தொடர்புக் கருவிகளைத் தயாரிப்போருக்கான பிணைய மேலாண்மை மென்பொருளைத்தான் முதலில் விற்றது. அந்த நிறுவனமே பின்னாளில் ஜோஹோ ஆயிற்று. கிரீஷ் மாத்ருபூதம் ஜோஹோவில் தயாரிப்பு மேலாண்மைப் பிரிவின் துணைத் தலைவராக இருந்துவிட்டு, 2010-இல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. நம் கடலூரைச் சேர்ந்த சுரேஷ் சம்பந்தமும் பிற நிறுவனங்களில் பணியாற்றிய பிறகே ஆரஞ்ச்ஸ்கேப்பை நிறுவினார். அலுவலகங்களின் அன்றாட ஒப்புதல் நடைமுறைகளைக் கணினிவழியாக்கும் கிஸ்ஃப்ளோ அங்கிருந்து வந்ததுதான். மூவரும் ஊழியர்களாக இருந்த காலத்தைச் சம்பளத்துக்காக மட்டும் கழித்துவிடவில்லை.

கிடைக்கக்கூடிய வேலைகளை எடைபோடுவது எப்படி?

நம் பகுதி மாணவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைப்பது பெரிய ஐ.டி. சர்வீஸ் நிறுவனத்தின் வேலைதான். அதை இழிவாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாதம் தவறாமல் வரும் சம்பளம், சில மாதப் பயிற்சி, ஒழுங்கான குழுப்பணி, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் பழக்கம் ஆகியவை முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பெரிய அடித்தளம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. மிகப் பெரிய ப்ராஜெக்ட்டின் மிகச் சிறிய துண்டு ஒன்றே உங்கள் கைக்கு வரும். அதைக் கேட்டவர் யார், அதனால் அவருக்கு என்ன லாபம் என்பது உங்களுக்கு மேலே இருக்கும் மூன்று நான்கு பேரைத் தாண்டி இறங்கி வராது. ஆகவே அங்கே சேருகிறவர்கள், வாய்ப்பு வரும்போதெல்லாம் தேவைகளைக் கேட்டு எழுதும் பிசினஸ் அனலிஸ்ட் பணியையோ, விற்பனைக்கு முன்பு வாடிக்கையாளருக்கு விளக்கம் தரும் ப்ரீசேல்ஸ் பணியையோ கேட்டுப் பெற முயல வேண்டும். புரொடக்ஷன் சப்போர்ட் என்றாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஒரு மென்பொருள் நள்ளிரவில் ஏன் நிற்கிறது, நின்றால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதை அந்த வேலையைப் போல வேறெதுவும் கற்றுத் தராது. இரண்டு மூன்று ஆண்டுகளாகியும் வாடிக்கையாளரையும் பார்க்கவில்லை, ஒரு பகுதியையாவது முழுமையாகச் செய்து முடிக்கவும் இல்லை என்றால், அங்கிருந்து நகர வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சேரும் முன்பு, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் பாண்டு பத்திரத்தை முழுவதும் படியுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில், எவ்வளவு சம்பளம் தந்தாலும் சேர வேண்டாம்.

சொந்தமாக ஒரு தயாரிப்பை உருவாக்கி விற்கும் ப்ரொடக்ட் நிறுவனங்களில், கணினிப் பொறியியல் படித்தவர்கள் எல்லோருக்கும் டெவலப்பர் வேலைதான் வேண்டும். வாடிக்கையாளரிடம் மென்பொருளை நிறுவித் தரும் இம்ப்ளிமென்டேஷன், கஸ்டமர் சப்போர்ட், ப்ரீசேல்ஸ் ஆகியவை இரண்டாம் தரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நிறுவனம் தொடங்கும் நோக்கமுள்ளவர்கள் இந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். கோடிங்கை வீட்டில் இருந்தபடியே கற்க முடியும். ஐம்பது வாடிக்கையாளர்களின் கோபத்தையும், விலை கேட்டதும் அவர்கள் அமைதியாவதையும், எதிராளியின் தயாரிப்புக்கு மாறும்போது அவர்கள் சொல்லும் காரணத்தையும் வீட்டில் இருந்து கற்க முடியாது. இரண்டும் கிடைக்க வேண்டும் என்றால், டெவலப்பராகச் சேர்ந்து சப்போர்ட் அழைப்புகளில் உட்காரக் கேளுங்கள், அல்லது சப்போர்ட்டில் சேர்ந்து மாலையில் கோடிங் செய்யுங்கள். எழுதவும் பேசவும் தெரிந்த பொறியாளர்களுக்கு எப்போதும் பஞ்சம்தான்.

பத்து இருபது பேர் மட்டுமே உள்ள சிறு ஸ்டார்ட்அப் மூன்றாவது வழி. நிறுவனர் அருகிலேயே அமர்ந்து, விலை வைப்பதிலிருந்து பில் வசூலிப்பது வரை எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் இங்கே கண்ணை மூடிக்கொண்டு சேரக்கூடாது. பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும், கடந்த ஆண்டில் சம்பளம் எப்போதாவது தள்ளிப்போனதா என்று நேர்முகத் தேர்விலேயே மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான நிறுவனர் இக்கேள்விகளால் மகிழ்வார். மழுப்புகிறவரிடம் கற்க அதிகம் இருக்காது. சம்பளத்துக்கு ஈடாகப் பங்கு தருவதாகச் சொன்னால், அந்தப் பங்கின் மதிப்பைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு, மீதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்று கணக்குப் பாருங்கள்.

ஐ.டி. துறைக்கு வெளியே உள்ள வேலை

இதைப் பற்றி விரிவாகப் பேச விரும்புகிறேன். நம் பகுதி இளைஞர்கள் பார்க்கத் தவறும் பெரிய வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம் வரையிலும், மேற்கே பண்ருட்டி, நெய்வேலி வரையிலும் உள்ள பகுதியில் துறைமுகம், ரசாயனத் தொழிற்சாலைகள், அனல்மின் நிலையம், முந்திரித் தொழில், ஜிப்மர் உள்ளிட்ட பெரிய மருத்துவமனைகள், வார இறுதியில் நிரம்பி வழியும் விருந்தினர் விடுதிகள் என அத்தனை தொழில்களும் ஓரிரு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கின்றன. பெருநகரத்து அலுவலகத்தில் இருப்பவர் கற்பனை செய்து பார்க்க வேண்டியதை, இங்கிருப்பவர் நேரில் போய்ப் பார்க்கலாம்.

மீன்பிடித் தொழிலை எடுத்துக்கொள்வோம். மீனவர்களுக்குச் செயலி செய்ய வேண்டும் என்று நினைக்கும் மாணவர்களுக்கு முதலில் தோன்றுவது, மீன் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் செயலிதான். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், மீன்வளம் மிகுந்திருக்கக்கூடிய பகுதிகளைப் பற்றிய அறிவிப்புகளை இலவசமாகவே வெளியிட்டு வருகிறது. இலவசமாக வருவதைக் காசுக்கு விற்க முடியாது. அதே துறைமுகத்தில் படகு உரிமையாளர், ஏலக்காரர், தொழிலாளர் ஆகிய மூவருக்கும் இடையே டீசல், ஐஸ், முன்பணம், பங்கு என்று ஓடும் கணக்கை ஒரு மாதம் உடனிருந்து பார்த்தவருக்கு வேறு தேவைகள் கண்ணில் படும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் விசைப்படகுகள் கரையில் இருக்கும், உரிமையாளர்கள் பழுதுபார்ப்பில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அதே நாட்களில் அவர்களுக்கு வருமானம் இருக்காது. ஆண்டு முழுவதும் மாதச் சந்தா வசூலிக்கும் திட்டத்தோடு போகிறவர் இந்த இடத்தில் இடறுவார்.

பண்ருட்டி முந்திரிக்கும் இது பொருந்தும். அங்குள்ள ஆலைகள் உள்ளூர்க் கொட்டையோடு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கொட்டைகளையும் உடைக்கின்றன. பருப்பு டபிள்யூ 180, 240, 320 என்று தரம் பிரிக்கப்படுகிறது; ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண், ஆகவே எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் அதிகம். படத்தைப் பார்த்து வகை பிரிக்கும் செயற்கை நுண்ணறிவைக் கல்லூரி ப்ராஜெக்ட்டாகச் செய்யும் மாணவர், ஆலை உரிமையாளரின் உண்மையான கவலை தரம் பிரிப்பதா, உடைபடும் பருப்பின் விகிதமா, கப்பலில் வரும் கொட்டைக்குக் கட்டிய பணம் முடங்கிக் கிடப்பதா என்பதை, ஒரு பருவமாவது அந்தத் தொழிலில் கணக்கராகவோ மேற்பார்வையாளராகவோ இருந்தால்தான் அறிவார்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இருப்பவை போன்ற தொழிற்சாலைகள் புதிய விற்பனையாளரை எளிதில் உள்ளே விடுவதில்லை. விற்பனையாளர் பதிவு, பர்ச்சேஸ் ஆர்டர், பாதுகாப்பு அனுமதி, ஆய்வுச் சான்று என்று படிகள் பல. ரசாயனம், கருவியியல், இயந்திரவியல் படித்தவர்கள் அங்கே பொறியாளராக மூன்று ஆண்டுகள் பணியாற்றினால், எந்த மேலாளர் எவ்வளவு தொகை வரை தானே ஒப்புதல் தரலாம் என்பது உட்பட எல்லாம் தெரிந்துவிடும். பிற்காலத்தில் அங்கே மென்பொருளோ சென்சாரோ விற்கப் போகிறவருக்கு இந்த அறிவு ஒரு பட்டத்தைவிடப் பெரியது. மருத்துவமனைகளிலும் அப்படித்தான்: அரசு மருத்துவமனை டெண்டர் வழியே வாங்கும், தனியார் கிளினிக்கில் மருத்துவரே முடிவெடுப்பார், ஆய்வகத்தில் கணக்கர் சொல்வதே நடக்கும். ரிசப்ஷனில் ஓராண்டு வேலை பார்த்தவருக்குத் தெரிவது, மருத்துவமனை மென்பொருள் எழுதும் பலருக்குத் தெரிவதில்லை.

விடுதிகளைப் பொறுத்தவரை ஒரு சிறு குறிப்பு போதும்: வெள்ளி முதல் ஞாயிறு வரை உரிமையாளரைத் தொந்தரவு செய்யாதீர்கள், செவ்வாய்க்கிழமை போய்ப் பேசுங்கள்.

கணினி படிக்காதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி வரும். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் ஜே.இ.இ. எழுதாமலே சேரும் வழி உண்டு. தகுதிப் பாடங்களை முடித்துத் தேர்வெழுதிச் சேரலாம், வேலையில் இருந்துகொண்டும் படிக்கலாம். ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஒரு சிறு செயலியை நீங்களே தொடக்கம் முதல் முடிவு வரை செய்து, அறிமுகமில்லாத ஒருவர் அதற்கு நூறு ரூபாயாவது கட்டும்படி செய்யும் அளவுக்குக் கற்றால் தொடக்கத்துக்குப் போதும். அந்த நூறு ரூபாயை நண்பர்களிடம் வாங்கக்கூடாது.

பணமும் வீடும்

ஊழியராக இருக்கும் ஆண்டுகளின் இன்னொரு பயன் சேமிப்பு. வருமானமே இல்லாமல் குடும்பச் செலவைக் குறைந்தது பதினெட்டு மாதம் தாங்கும் தொகை வங்கியில் சேரும் வரை வேலையை விட வேண்டாம் என்பது என் பரிந்துரை. பெற்றோர் உங்களை நம்பி இருந்தால் இரண்டு ஆண்டு. இந்தக் கணக்கில் மருத்துவக் காப்பீட்டையும் சேர்க்க வேண்டும், ஏனெனில் வேலையை விட்டதும் நிறுவனம் தந்த காப்பீடு நின்றுவிடும். கல்விக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். சம்பளம் உயர்ந்ததும் கார், அடுக்குமாடி வீடு என்று ஈ.எம்.ஐ. ஏற்றிக்கொண்டவர்களுக்கு, நிறுவனம் தொடங்கும் ஆசை எவ்வளவு இருந்தாலும் அது பல ஆண்டுகள் தள்ளிப்போகும். தங்கையின் திருமணம், அப்பாவின் ஓய்வு போன்ற தெரிந்த செலவுகளை மறைக்காமல் எழுதி, வீட்டாரோடு அமர்ந்து பேசுங்கள். எந்த மாதம் வரை முயல்வீர்கள், அதற்குள் எவ்வளவு வருமானம் வராவிட்டால் மறுபடி வேலைக்குப் போவீர்கள் என்று தேதியும் தொகையும் சொன்னால், பெற்றோரின் எதிர்ப்பு பெரும்பாலும் தணியும். அவர்கள் அஞ்சுவது எல்லையில்லாத ஆபத்துக்குத்தான்.

வேலையில் இருக்கும்போதே தொடங்கலாமா?

முயன்று பார்க்கலாம், ஆனால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணியின் ஒரு பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளியே. கணினி நிரலும் இதில் அடங்கும். பல நிறுவனங்களின் பணி ஒப்பந்தங்கள் இதைவிட விரிவாக, வேலை நேரத்துக்கு வெளியே செய்வதற்கும் உரிமை கேட்கின்றன. ஆகவே அலுவலக லேப்டாப், அலுவலக மின்னஞ்சல், அலுவலக நேரம் மூன்றையும் உங்கள் முயற்சிக்குத் தொடவே கூடாது; ஒப்பந்தம் பக்கத் தொழிலைத் தடை செய்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வேலையை விட்ட பிறகு அதே துறையில் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனையைப் பொறுத்தவரை, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஆனால் வாடிக்கையாளர் பட்டியலையோ மூல நிரலையோ எடுத்துச் செல்வதற்கு அது பாதுகாப்பு ஆகாது. ரகசியம் காக்கும் கடமை பணிக்காலத்தோடு முடிவதில்லை.

கூட்டாளியையும் இந்தக் காலத்திலேயே கண்டறிய வேண்டும். கல்லூரி நண்பர் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளாமல், நெருக்கடியான ஒரு ப்ராஜெக்ட்டில் உங்களோடு வேலை பார்த்து, தாமதத்தை முன்கூட்டியே சொன்னவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பங்குகள் நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாக வேண்டும், முதல் ஓராண்டுக்குள் விலகினால் எதுவும் கிடையாது என்ற ஏற்பாட்டை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

எங்கே, எப்போது பதிவு செய்வது?

அவசரப்பட்டுப் பதிவு செய்வது கையைக் கடிக்கும். ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டாலும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் ஆண்டுதோறும் தணிக்கையும் கணக்குத் தாக்கலும் செய்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியமானது, அரசுத் திட்டங்கள் பதிவான நாளிலிருந்தே ஆண்டுகளை எண்ணுகின்றன. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் விதிகளில், விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது என்பது ஒன்றாக இருந்தது. மாதிரி உருவாக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் என்பது அதன் வரம்பாக இருந்தது. தனிநபர் உரிமையாளராக மட்டும் இருந்தால் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரமே கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மையான எல்.எல்.பி., பதிவு செய்த கூட்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு அது உண்டு. ஆகவே பணம் கட்டத் தயாராக இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் இருக்கும் நிலையில் பதிவு செய்வதே சரியான நேரம்.

இடத் தேர்வு நம் பகுதிக்கே உரிய சிக்கல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை என்றாலும், ஒன்று தமிழ்நாடு, மற்றொன்று யூனியன் பிரதேசம். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். வழங்கும் டான்சீட் போன்ற தொடக்க நிதி தமிழ்நாட்டில் பதிவான நிறுவனங்களுக்கானது. புதுச்சேரியில் பதிவு செய்தால் அந்தக் கதவு மூடிவிடும். அங்கே புதுச்சேரி அரசின் திட்டங்களையும், புதுச்சேரி பொறியியல் கல்லூரியாக இருந்து இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உள்ள வளாகத்தில் புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் அடல் இன்குபேஷன் மையத்தையும் நாட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவெண் தமிழ்நாட்டுக்கு 33 என்றும் புதுச்சேரிக்கு 34 என்றும் தொடங்கும். புதுச்சேரி நிறுவனம் கடலூர் வாடிக்கையாளருக்குப் போடும் பில் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை, அதற்கு ஐ.ஜி.எஸ்.டி. பொருந்தும். வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கம் அதிகம், எந்த நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

பதிவான கையோடு, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். முதல் பெரிய தொழிற்சாலைக்கு நீங்கள் அனுப்பும் முதல் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டு, பணம் வர வேண்டிய தேதியையும் குறிப்பிடுங்கள்.